டேனிய மொழியில் ‘ஒரு’

தமிழில் ‘ஒரு’, ‘ஓர்’ என்னும் வேறுபாட்டை வருமொழியின் முதலெழுத்து உறுதி செய்வதை நாம் அறிவோம். டென்மார்க்கின் டேனிய மொழியிலும் ‘என்’, ‘எட்’ என ‘ஒரு’ எனப் பொருள்படும் சொற்கள் இரண்டு உள. ஆயின் அங்கே ஒலிக்கு இடமில்லை. பெயரின் பாலே அளவுகோல். பொதுப்பாற் பெயர்முன் ‘என்’ வரும். நடுப்பாற் பெயர்முன் ‘எட்’ வரும். ‘எங்’ (புல்வெளி), ‘எக்’ (முட்டை) இரண்டும் எகரத்தில் தொடங்கினும், ‘என் எங்’, ‘எட் எக்’ என்றே வழங்கும்.

குறித்த ஒன்றைச் சுட்டுங்கால் இவையே ஈறாகின்றன: ‘எட் ஹூஸ்’ ஒரு வீடு, ‘ஹூசெட்’ அந்த வீடு. எனவே பால் பிழைத்தால் ஈறும் பிழைக்கும். ‘அவர் மருத்துவர்’ எனத் தொழில் கூறுமிடத்துத் தமிழைப் போலவே இச்சொல் வாராது. ‘நல்ல மருத்துவர்’ என அடைபெறின் வரும். ஆதலின், ஒவ்வொரு பெயரையும் ‘என்’, ‘எட்’ இவற்றுள் உரியதோடு இணைத்தே நாம் மனங்கொள்ளல் வேண்டும்.