இடனறிந்த உயிரி

நுழையும்முன்

வலிமை உடலில் மட்டும் இருப்பதன்று. நிற்கும் இடத்திலும் இருக்கிறது. இவ்வுண்மையை விளக்க வள்ளுவர் இடனறிதல் அதிகாரத்தில் எடுத்துக்கொண்ட உயிர் முதலை. ஆழ்ந்த நீரில் பிற உயிர்களை வெல்லும் முதலை, நீரைவிட்டு நீங்கினால் அவற்றிடமே தோற்கும் என்பது அவர் கருத்து. நீரில் அதற்கு அத்துணை வலிமை எவ்வாறு வந்தது? இவ்வினாவுக்கு அறிவியல் தரும் விடையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பெயரும் உறவும்

முதலை, இடங்கர், கராம் என்னும் மூன்று பெயர்களைக் குறிஞ்சிப்பாட்டு ஒருங்கே கூறுகிறது. நீர்வாழ் உயிர்களைப் பழந்தமிழர் எவ்வளவு நுணுகி நோக்கினர் என்பதற்கு இஃது ஒரு சான்று. இன்றைய இந்தியாவில் நன்னீர் முதலை, உவர்நீர் முதலை, கரியால் என மூன்று இனங்கள் வாழ்கின்றன. அமராவதி, சாத்தனூர் நீர்த்தேக்கங்களிலும் ஒகேனக்கல், கொள்ளிடம் ஆகிய பகுதிகளிலும் காணப்படுவது நன்னீர் முதலையாகும்.

பல்லியைப் போன்ற தோற்றம் உடையதாயினும், முதலை பல்லிக்கு நெருங்கிய உறவன்று. இன்று வாழும் உயிர்களுள் முதலைக்கு மிக நெருங்கிய உறவு பறவைகளே! இவ்விரண்டும் ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரே மூதாதையிலிருந்து கிளைத்தவை.

நீருக்கென அமைந்த உடல்

முதலையின் கண், செவி, மூக்குத்துளை ஆகியன தலையின் மேற்பரப்பில் அமைந்துள்ளன. ஆகவே, உடல் முழுவதும் நீருள் மறைந்திருக்க, அதனால் பார்க்கவும் கேட்கவும் மூச்சுவிடவும் இயலும். வாய்க்கும் மூச்சுப்பாதைக்கும் இடையே எலும்பாலான அண்ணம் உண்டு. தொண்டையின் வாயிலை ஒரு மடிப்புத் தசை அடைத்துக்கொள்ளும். எனவே நீருள் வாய் திறந்து இரையைப் பற்றினாலும் நுரையீரலுக்குள் நீர் புகுவதில்லை.

ஊர்வனவற்றுள் பெரும்பாலானவற்றின் இதயம் மூன்று அறைகள் கொண்டது. முதலையின் இதயமோ பறவையின் இதயத்தைப் போல நான்கு அறைகள் உடையது. எனினும், இதயத்திலிருந்து புறப்படும் இரு பெருந்தமனிகளையும் பனிசா துளை என்னும் சிறு துளை இணைக்கிறது. முதலை மூழ்கியிருக்கும்போது நுரையீரலுக்குச் செல்லும் குருதியின் அளவு குறைந்து, அக்குருதியின் ஒரு பகுதி உடலுக்கே திருப்பிவிடப்படுகிறது.

தாடைகளில் கரும்புள்ளிகளைப் போன்ற நுண்ணிய உணர்வுறுப்புகள் உள்ளன. நீரில் எழும் சிற்றலையைக் கொண்டே இரை இருக்கும் திசையை இருளிலும் அவை உணர்த்தும். வாயை மூடும் தசைகள் மிக வலியவை. திறக்கும் தசைகளோ மெலியவை. அதனால்தான், பெரிய முதலையின் மூடிய வாயையும் ஒரு கயிற்றால் கட்டிவிட முடிகிறது.

முட்டையும் தாய்மையும்

முதலைக்குப் பால் நிர்ணயிக்கும் குரோமோசோம்கள் இல்லை. முட்டை கிடக்கும் கூட்டின் வெப்பமே குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்கிறது. நன்னீர் முதலையில் ஏறத்தாழ 32.5 பாகை செல்சியசு வெப்பத்தில் ஆண் குஞ்சுகள் மிகுதியாகத் தோன்றும். அதனினும் குறைந்த வெப்பத்தில் பெண் குஞ்சுகள் தோன்றும். முட்டைக்குள்ளிருந்து குஞ்சுகள் எழுப்பும் ஒலியைக் கேட்டுத் தாய் மண்ணைத் தோண்டும். அவற்றை வாயில் ஏந்தி நீரில் கொண்டுபோய் விடும். எலும்பை நொறுக்கும் தாடை அப்போது தொட்டிலாகிறது.

கல்லில் பதிந்த வரலாறு

முதலை தொன்றுதொட்டு மாறாதிருக்கும் உயிர் என்பர் சிலர். புதைபடிவங்கள் வேறு கதை கூறுகின்றன. ட்ரயாசிக் காலத்தில் வாழ்ந்த தெரெசுட்ரிசூக்கசு, மெலிந்த நீண்ட கால்களால் நிலத்தில் ஓடிய சிற்றுயிர். ஜுராசிக் காலக் கடல்களில் துடுப்புக் கால்களும் மீன்வால் போன்ற வாலும் கொண்ட உறவினங்கள் நீந்தின. மடகாசுகரில் கிடைத்த சிமோசூக்கசு, குட்டையான முகமும் தழையுண்ணத் தக்க பற்களும் உடையது. ஆப்பிரிக்காவின் நைசர் நாட்டில் கிடைத்த சார்கோசூக்கசு, இன்றைய முதலைகளினும் மிகப் பெரியது.

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதிய பேரழிவில், பறவைகள் நீங்கலான டைனோசர்கள் அனைத்தும் மறைந்தன. முதலையின் உறவுகளிலும் பல அழிந்தன. நன்னீர்நிலைகளைச் சார்ந்திருந்தவை பெரிதும் பிழைத்தன. உண்ணாமல் நெடுநாள் தாங்கும் உடலியல்பும் அதற்குத் துணைநின்றது.

தெரிந்து தெளிவோம்

கோதாவரிப் பள்ளத்தாக்கின் ட்ரயாசிக் காலப் பாறைகளில் பாராசூக்கசு என்னும் விலங்கின் புதைபடிவங்கள் கிடைத்துள்ளன. காண்பதற்கு முதலையே போலிருக்கும் இது, முதலையின் மூதாதையன்று. முதலையின் மூக்குத்துளை முகத்தின் நுனியில் இருக்கும். இதற்கோ கண்களின் அருகே இருந்தது. ஒரே வகை வாழ்க்கைமுறை, வெவ்வேறு உயிர்களுக்கு ஒத்த வடிவத்தை அளிக்கும் என்பதற்கு இது சான்றாகும்.

இடம் இழந்தால்

விண்கல்லுக்குத் தப்பிய மரபு இன்று மனிதனிடம் இடர்ப்படுகிறது. தோலுக்காக வேட்டையாடப்பட்டு அருகிய முதலைகளைக் காக்க, 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் 1975இல் முதலைப் பாதுகாப்புத் திட்டமும் துணைநின்றன. 1976இல் சென்னையை அடுத்த வடநெம்மேலியில் ரோமுலசு விட்டேக்கர் நிறுவிய முதலைப் பண்ணை, முதலைகளை இனப்பெருக்கி வளர்த்தது. நன்னீர் முதலையும் உவர்நீர் முதலையும் மீண்டன.

கரியாலின் நிலை வேறு. மீனுண்ணும் அவ்வுயிர்க்கு ஓடும் ஆறும், முட்டையிட மணல்மேடும் வேண்டும். அணைகள் ஓட்டத்தைத் தடுக்கின்றன. மணற்கொள்ளை மேடுகளை அழிக்கிறது. இன்று அது பெரிதும் சம்பல் ஆற்றை நம்பியே வாழ்கிறது. பண்ணையில் குஞ்சுகளைப் பொரிக்கவைக்க நம்மால் முடியும். அவற்றை விடுவதற்கு ஆறு வேண்டுமே!

நீரைவிட்டு நீங்கும் முதலையைப் பற்றி வள்ளுவர் சொன்னார். இன்று முதலை நீரைவிட்டு நீங்கவில்லை. நீர்தான் முதலையைவிட்டு நீங்குகிறது. ஆற்றை ஆறாக இருக்கவிடுவதே அவ்வுயிர்க்கு நாம் செய்யும் அறம். அவ்வாற்று நீரை உண்டு வாழும் நமக்கும் அதுவே அரண்.

கற்பவை கற்றபின்

1. முதலையின் உடலமைப்பு நீர்வாழ்க்கைக்கு ஏற்றதாக அமைந்துள்ளமையைத் தொகுத்து எழுதுக.
2. 'முதலை மாறாத உயிர்' என்னும் கூற்றைப் புதைபடிவச் சான்றுகளுடன் மறுத்துரைக்க.
3. உங்கள் ஊர் நீர்நிலையைச் சார்ந்து வாழும் உயிர்களைப் பட்டியலிட்டு, அந்நீர்நிலை வற்றினால் அவை எய்தும் நிலையை வகுப்பறையில் கலந்துரையாடுக.