பாதியில் நிற்கும் பூத்தையல்

தையற்கலை வீட்டுக்குச் சிக்கனத்தையும், கைக்கு நேர்த்தியையும், மனத்துக்கு அமைதியையும் தருவது. இதை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் சொல்லிவருகிறோம். ஆனால் இவ்வாண்டு தையல் அறையின் அலமாரியைத் துப்புரவு செய்தபோது, தையல் ஆசிரியைகளாகிய நாங்கள் சற்றே வெட்கப்பட்டோம். ஒரு மூலையில் மட்டும் பூ மலர்ந்த மேசை விரிப்பு, ஒற்றைச் சிறகுடன் நிற்கும் கிளி, பெயரின் முதலெழுத்தில் பாதி மட்டும் தைத்த கைக்குட்டை என்று அடுக்கடுக்காக அரைகுறை வேலைகள்! சிலவற்றில் குத்திய ஊசி குத்தியபடியே துருவேறி, துணியில் பழுப்புக் கறையும் படிந்திருந்தது.

"எல்லாம் ஆரம்ப சூரத்தனம்!" என்று முதலில் மாணவியரைக் கடிந்துகொண்டோம். பிறகு நிதானித்து, ஏன் முடிக்கவில்லை என்று ஒவ்வொருவரையும் கேட்டோம். "கழுத்து வலிக்குது, டீச்சர்." "நூல் சிக்கிச் சிக்கி அறுந்து போகுது, டீச்சர்." "எத்தனை இழை போட்டேன்னு மறந்துபோச்சு." "வீட்டிலே எடுத்தாத் தம்பி இழுத்துப் போட்டுடறான்." பிடிக்கவில்லை என்று ஒருத்தியும் சொல்லவில்லை! ஆகவே குறை மாணவியரின் மனத்தில் இல்லை. உட்காரும் விதத்தில், வெளிச்சத்தில், எடுத்து வைக்கும் முறையில் இருந்தது. இந்த மூன்றையும் நாங்கள் வகுப்பில் முறையாகக் கற்றுக்கொடுத்ததே இல்லை. அந்தக் கடனைத் தீர்க்கவே இக்கட்டுரை.

அம்மாச்சியின் தலையணை உறை

அந்த நாட்களில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி வீட்டிலிருந்து ஒரு தலையணை உறையைக் கொண்டு வந்தாள். காலமாகிவிட்ட அவளுடைய அம்மாச்சி தொடங்கிய வேலை அது. ஓரம் முழுவதும் ரோஜாக் கொடி. முதல் நான்கு பூக்களில் சங்கிலித் தையல் அரிசி மணிகளை அடுக்கியதுபோல் ஒரே அளவாக இருந்தது. ஐந்தாவது பூவிலிருந்து தையல்கள் நீளத் தொடங்கின. எட்டாவது பூவில் நூல், நீலக் கோட்டைத் தாண்டி வெளியே போயிருந்தது. ஒன்பதாவதில் கோடு மட்டுமே இருந்தது.

அவள் தாயாரிடம் விவரம் கேட்டோம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்து விளக்கின் கீழ், தரையில் அமர்ந்து, குனிந்தபடியே அவர் தைப்பாராம். "இப்போ வர்ற நூல் சரியில்லைன்னு அம்மா சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நாங்களும் வேற நூல் வாங்கி வாங்கிக் கொடுத்தோம். கண்ணைக் காட்டணும்னு யாருக்கும் தோணலை" என்றார் அந்தத் தாய். இதைக் கேட்டபின் எங்களால் அந்த எட்டாவது பூவைக் குறை சொல்ல முடியவில்லை.

"டீச்சர், கோணலா இருக்கிறதைப் பிரிச்சிட்டுப் புதுசாப் போடட்டுமா?" என்று கேட்டாள் அந்த மாணவி. எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருந்தது. பிழையைப் பிரித்துத் தைப்பதுதான் வகுப்பின் விதி. ஆனாலும் இந்த ஒரு துணியில் முடிவை அவளிடமே விட்டுவிட்டோம்.

உட்காரும் முறை

வீட்டில் தைக்க உயர்ந்த நாற்காலியோ தனி அறையோ வேண்டியதில்லை. முதுகுக்குச் சாய்மானம் இருக்க வேண்டும். துணி கண்ணை நோக்கி உயர வேண்டும். இவை இரண்டும் போதும். நம்மில் பலர் துணியை மடியில் வைத்துவிட்டுத் தலையை அதனிடம் கொண்டுபோகிறோம். கழுத்து வலி அங்கேதான் தொடங்குகிறது. மடியில் ஒரு தலையணையை வைத்து, அதன் மேல் முன்கைகளைத் தாங்கினால், துணி தானாக மேலே வரும். தோள்களும் தளர்ந்து நிற்கும்.

நாற்காலியில் அமர்ந்தால் இரு பாதங்களும் தரையில் படிய வேண்டும். எட்டாத சிறுமியர் காலடியில் ஒரு மணையைப் போட்டுக்கொள்ளலாம். இடுப்புக்குப் பின்னால் ஒரு துவாலையைச் சுருட்டி வைத்தால் பிளாஸ்டிக் நாற்காலியும் சுகமாகும். தரையில் அமர்வோர் சுவரில் முதுகைச் சாய்த்து, அடியில் மடித்த போர்வையைப் போட்டுக்கொள்ளட்டும்; அடிக்கடி காலை மாற்றி மடக்குவதும் நலம். கட்டிலில் படுத்துக்கொண்டு தைப்பது கழுத்துக்குக் கேடு. ஊசி படுக்கையில் தவறினால் உயிருக்கே கேடு.

வெளிச்சமும் கண்ணும்

பகல் வெளிச்சமே தலைசிறந்தது. வலக்கையால் தைப்பவருக்கு ஒளி இடப்புறமிருந்து வர வேண்டும், இடக்கைக்காரருக்கு வலப்புறமிருந்து. அப்போதுதான் கையின் நிழல் தையல் மீது விழாது. இரவில் தைத்தே ஆகவேண்டுமென்றால் உத்தரத்து விளக்கு மட்டும் போதாது. ஒரு மேசை விளக்கின் ஒளி கண்ணில் படாமல் துணியில் மட்டும் விழும்படி திருப்பி வைக்க வேண்டும். கறுப்பு, கருநீல நூல் வேலைகளைப் பகலுக்கே ஒதுக்குவோம்.

கண்ணுக்கும் துணிக்கும் ஏறத்தாழ ஒன்றேகால் அடி, அதாவது 35 முதல் 40 சென்டிமீட்டர் தூரம் இருக்கட்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தலையை நிமிர்த்தி, இருபது அடிக்கு அப்பால் உள்ள ஒரு மரத்தையோ கூரையையோ இருபது விநாடி பார்த்தால் கண் இளைப்பாறும். எழுந்து தோள்களைச் சுழற்றி, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம்.

மாணவியருக்கு ஒரு வேண்டுகோள். துணியை மூக்கருகே கொண்டுபோனால்தான் தையல் தெரிகிறது என்றால், அதை வீட்டில் சொல்லிவிடுங்கள். கரும்பலகை எழுத்தும் உங்களுக்கு மங்கலாகத் தெரியக்கூடும். பெற்றோருக்கும் ஒன்று சொல்வோம். நாற்பது வயதை ஒட்டி வெள்ளெழுத்து வருவது இயற்கை. சாளேசரம் என்று பெரியவர்கள் சொல்வதும் இதைத்தான். ஊசியைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து நூல் கோப்பதுதான் அதன் முதல் அடையாளம். ஒரு கண்ணாடி அதைச் சரிசெய்துவிடும். முதியோருக்கு வரும் கண்புரையை அறுவை சிகிச்சையால் நீக்கிவிடலாம். வீட்டில் எவரேனும் "நூல் சரியில்லை, ஊசி சரியில்லை" என்று அடிக்கடி சொன்னால், கடைக்குப் போகுமுன் கண் மருத்துவரிடம் போங்கள்.

நூல், ஊசி, வளையம்

பூத்தையல் நூல் சிட்டம் ஒன்றில் பொதுவாக 8 மீட்டர் நூல் இருக்கும்; அந்நூல் ஆறு இழைகளால் ஆனது. "சீக்கிரம் முடியட்டும்" என்று இரண்டு முழம் நூலைக் கோப்பவளுக்கு வேலை ஒருநாளும் சீக்கிரம் முடியாது! நீள நூல் முறுக்கேறிச் சிக்கும். துணிக்குள் நுழைந்து நுழைந்து நைந்தும் போகும். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை, ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் போதும். வேண்டிய இழைகளை ஒவ்வொன்றாக உருவி, பிறகு ஒன்றுசேர்த்தால் நூல் முறுக்கின்றிப் படியும். மெல்லிய காம்புக்கு இரண்டு இழை, இலையையும் இதழையும் நிரப்ப மூன்று இழை என்று வைத்துக்கொள்ளலாம். தைக்கும்போது நூல் முறுக்கிக்கொண்டால், துணியைத் தலைகீழாகப் பிடித்து ஊசியைத் தொங்கவிடுங்கள். முறுக்குத் தானே அவிழும்.

ஊசியின் எண் கூடக் கூட ஊசி மெலியும். இரண்டு மூன்று இழைக்கு 7 முதல் 9 வரையுள்ள பூத்தையல் ஊசி பொருந்தும். நூலைப் பல்லால் கடிக்காமல் கத்தரியால் சாய்வாக வெட்டினால் எளிதாகக் கோக்கலாம். தொடக்கத்தில் முடிச்சுப் போட வேண்டாம். இரண்டு அங்குலம் விட்டுத் தொடங்கி, பின்னர் அந்த முனையைப் பின்பக்கத் தையலுக்குள் நுழைத்து விட்டால், இஸ்திரி போடும்போது மேலே புடைப்புத் தெரியாது.

ஐந்து அல்லது ஆறு அங்குல வளையம் சிறுமியரின் கைக்கு அடங்கும். உள்வளையத்தில் பருத்தி நாடாவைச் சுற்றினால் துணி நழுவாது. ஒவ்வொரு முறையும் வேலை முடிந்ததும் வளையத்தைக் கழற்றிவிட வேண்டும். மாதக்கணக்கில் மாட்டி வைத்தால் அழுக்கு வட்டமாகப் படியும். துவைத்தாலும் அது எளிதில் போகாது.

எடுத்து வைக்கும் முறை

முடிக்காத வேலைக்கு ஒரு வீடு வேண்டும். பழைய தலையணை உறையோ மஞ்சள் பையோ போதும். நூலுக்கு ஒரு பிஸ்கட் டப்பா. துணியை நான்காக மடிக்காமல் சுருட்டி வைத்தால் பூவின் மேல் மடிப்பு விழாது. பையினுள் ஒரு சிறு அட்டையை வையுங்கள். நூலின் எண், எத்தனை இழை, எந்தத் தையல், எந்த இடத்தில் நிறுத்தினோம், அடுத்து என்ன என்ற ஐந்தையும் அதில் எழுதுங்கள். தேர்வு முடிந்து ஒரு மாதம் கழித்து எடுத்தாலும் கை தயங்காது. நூலின் எண்ணை எழுதாமல் விட்டால், பிறகு கடையில் அதே சிவப்பைத் தேடி அலைய நேரும்.

ஊசியைத் துணியில் குத்தி வைக்காதீர்கள். மழைக்காலத்து ஈரத்தில் அது துருப்பிடிக்கும். ஒரு துண்டு கம்பளித் துணியில் ஊசிகளைக் குத்தி, உட்காரும்போதும் எழும்போதும் எண்ணிப் பார்ப்பது நல்ல பழக்கம். தவழும் குழந்தை உள்ள வீட்டில் இது கட்டாயம். தொலைந்த ஊசியைத் தேட ஒரு சிறு காந்தம் உதவும். தைக்குமுன் கையைச் சோப்பிட்டுக் கழுவுவதும், தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு துணியைத் தொடாதிருப்பதும் சொல்லாமலே தெரிந்தவை. ஆயினும் அலமாரியில் கண்ட கறைகளை நினைத்து மறுபடியும் சொல்கிறோம்!

எத்தனை வேலைகளை ஒரே காலத்தில் வைத்துக்கொள்ளலாம்? ஒன்று பெரிது, ஒன்று சிறிது என இரண்டு போதும். பெரியது சலிக்கும்போது சிறியது கைகொடுக்கும். மூன்றாவதைத் தொடங்க ஆசை வந்தால், இரண்டில் ஒன்று முடியட்டும். "இன்று விரிப்பை முடிப்பேன்" என்று எண்ணாமல் "இன்று ஓர் இலை" என்று எண்ணுங்கள். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் அல்லவா?

பல கைகள் தைத்த ஒரு துணி

பிரான்சு நாட்டில் அலான்சோன் என்னும் ஊர் ஊசிப் பின்னல் லேசுக்குப் புகழ்பெற்றது. அங்கே ஒரு சதுர சென்டிமீட்டர் லேசுக்கு ஏறத்தாழ ஏழு மணி நேரம் ஆகும்; அக்கலையில் முழுத் தேர்ச்சி பெற 7 முதல் 10 ஆண்டுகள் வேண்டும். தோல்தாளில் கோலத்தைத் துளையிட்டு, அதன் மேல் நூலால் எல்லை கட்டி, வலை பின்னி, பூ நிரப்பி, பின் தாளிலிருந்து பிரித்தெடுப்பார்கள். 2010ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இக்கலையை மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

சிறுமலர் தெரேசாவின் அன்னையான புனித செலி மார்ட்டின் அவ்வூரில் 1853ஆம் ஆண்டு இத்தொழிலைத் தொடங்கினார். பெண்கள் தத்தம் வீடுகளில் துண்டு துண்டாகச் செய்துதர, அவற்றைச் செலி கண்ணுக்குத் தெரியாத தையலால் இணைப்பார். வேலை நெருக்கிய நாட்களின் களைப்பும் கவலையும் அவருடைய கடிதங்களில் தெரிகின்றன. சன்னலோரம் அமர்ந்து லேசுத் துண்டுகளை இணைக்கும் நேரமே தமக்கு மகிழ்ச்சியான நேரம் என்றும் அவற்றில் எழுதியிருக்கிறார். அவருடைய கணவர் லூயி 1870இல் தம் கடிகாரக் கடையை விட்டுவிட்டு மனைவியின் தொழிலுக்குத் துணை நின்றார். செலி 1877இல், 45ஆம் வயதில் காலமானார். 2015 அக்டோபர் 18 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அத்தம்பதியரைப் புனிதராக அறிவித்தார்.

அந்த லேசில் எது எவருடைய கை என்று பார்ப்பவருக்குத் தெரியாது. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடர்ந்ததால் அது முழுமை பெற்றது. இதை வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தபோது, தலையணை உறை கொண்டுவந்த மாணவி எதுவும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள், "டீச்சர், நான் எதையும் பிரிக்கலை. ஒன்பதாவது பூவிலேருந்து போடறேன்" என்றாள்.

காலையில் பள்ளிக்குக் கிளம்புமுன் சன்னலோரம் அரை மணி நேரம், மடியில் ஒரு தலையணையுடன் அவள் தைக்கிறாள். இந்த ஆண்டு மலர் அச்சுக்குப் போகும் இவ்வேளையில் இன்னும் மூன்று இலைகள் மீதம் இருக்கின்றன. அவளுடைய தாயாரும் கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி போட்டுக்கொண்டார். மீதமுள்ள இலைகளில் ஒன்று தமக்கு வேண்டும் என்று மகளிடம் கேட்டிருக்கிறாராம்.

மாணவியரே, விடுமுறை வருகிறது. அலமாரியிலுள்ள துணிகளைப் பிரித்து, அவரவர் கையில் ஓர் அட்டையுடன் கொடுத்தனுப்புகிறோம். புதிய துணி வாங்கித் தரும்படி வீட்டில் கேட்காதீர்கள். நல்ல வெளிச்சமுள்ள ஓர் இடத்தைக் கேளுங்கள். பெற்றோரே, அந்த இடத்தையும் நாளில் அரை மணி நேரத்தையும் உங்கள் பெண்ணுக்குக் கொடுங்கள். முடிந்தால் நீங்களும் அருகில் ஓர் ஊசியுடன் அமருங்கள். பள்ளி திறக்கும் நாளில் அந்தக் கிளியின் இரண்டாவது சிறகைக் காணக் காத்திருக்கிறோம்.