மன்னித்தவர்களின் கதையைச் சொல்லப்போகிறவர்களுக்கு

மே மாதம் வந்தால் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கமுள்ள சபைகளில் விடுமுறை வேதாகமப் பள்ளி களைகட்டும். மிஷனரி கதை இல்லாத வி.பி.எஸ். கிடையாது. அடி, சிறை, கொலை என்று விறுவிறுப்பாகப் போகும் கதை, கடைசியில் 'அவர் மன்னித்துவிட்டார்' என்ற ஒரே வரியில் முடிந்துவிடும். கதை கெட்டுப்போவதே அந்த வரியில்தான். ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்கும் வாலிபர் கூட்டத்தில் பேசுகிறவர்களுக்கும் சில யோசனைகள்.

செய்ய வேண்டியவை

• சொந்த ஊரிலிருந்து தொடங்குங்கள். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்குக் குடிவந்தது 1937-இல். அடுத்த ஆண்டு டிசம்பரில் அதன் வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. அதை முதலில் சீனாவின் ஹாங்சோவில் நடத்துவதாக இருந்தார்கள். ஜப்பான் அங்கே போர் தொடுத்ததால் தாம்பரத்துக்கு மாற்றினார்கள். வந்தவர்கள் 470-க்கும் மேல். சீனாவிலிருந்து வு யீபாங் வந்தார். நாஞ்சிங் நகரின் ஜின்லிங் பெண்கள் கல்லூரித் தலைவர். அந்த நகரம் ஜப்பானியப் படையிடம் விழுந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஜப்பானிலிருந்து டோயோஹிகோ ககாவா வந்தார். தன் நாடு செய்ததற்காகச் சீன மக்களிடம் மன்னிப்புக் கேட்டவர் அவர்; அதற்காக 1940-இல் ஜப்பானிய அரசு அவரைக் கைது செய்தது. மன்னிக்கிறவர்களைப் பற்றி நிறையப் பேசுகிறோம். மன்னிப்புக் கேட்டுச் சிறைக்குப் போனவரைப் பற்றி, அவர் வந்து போன ஊரிலேயே யாரும் பேசுவதில்லை.

• மன்னிப்பைச் சொல்லும்போது வழக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒடிசாவின் பாரிபதாவில் தொழுநோயாளிகளிடையே உழைத்த ஆஸ்திரேலியர் கிரஹாம் ஸ்டெயின்ஸையும், மகன்கள் பிலிப், திமொத்தேயுவையும் 1999 ஜனவரியில் மனோகர்பூரில் வண்டியோடு எரித்துக் கொன்றார்கள். பிள்ளைகளுக்கு வயது 10, 6. மனைவி கிளாடிஸ் கொன்றவர்களை மன்னிப்பதாகச் சொன்னார். மகளோடு அங்கேயே தங்கி 2004 வரை அந்த நோயாளிகளைக் கவனித்தார். 2005-இல் பத்மஸ்ரீ பெற்றார். இவ்வளவும் எல்லோரும் சொல்வது. வழக்கு அதன் பாட்டுக்கு நடந்ததைத்தான் விட்டுவிடுகிறார்கள். 2003-இல் விசாரணை நீதிமன்றம் முதல் குற்றவாளிக்கு மரண தண்டனை விதித்தது. 2005-இல் உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாக்கியது. 2011-இல் உச்ச நீதிமன்றம் அதையே உறுதி செய்தது. கிளாடிஸ் விட்டுக்கொடுத்தது தன் மனதிலிருந்த பகையை. சட்டம் செய்ய வேண்டியதைச் சட்டம் செய்தது. பெரிய பிள்ளைகளுக்கு இது நன்றாகவே புரியும்.

• வெள்ளைக்காரர் அல்லாதவர்களுக்கும் இடம் கொடுங்கள். 2008-இல் ஒடிசாவின் கந்தமாலில் கிறிஸ்தவர்கள்மீது நடந்த வன்முறையில் வீடிழந்து காட்டுக்குள் ஓடியவர்கள் பழங்குடியினரும் தலித்துகளும். அவர்களுக்கு வாழ்க்கை வரலாற்று நூல் எழுத ஆள் இல்லை.

• பரங்கிமலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால், தோமா கி.பி. 72-இல் அங்கே கொல்லப்பட்டார் என்பது மரபு என்று சொல்லுங்கள். மலைமேல் போர்ச்சுக்கீசியர் 1523-இல் கோயில் கட்டியது வரலாறு. இரண்டையும் கலக்காமல் சொன்னால் யாருடைய விசுவாசமும் குறைந்துவிடாது.

செய்யக்கூடாதவை

• தோமாவைக் கொன்றதாக எந்தச் சாதியின் மீதும் பழி போடாதீர்கள். மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டில் இந்தக் கரையில் கேட்ட கதையில், மயிலுக்கு விட்ட அம்பு குறி தவறித் தோமாமேல் பட்டது. அதுவும் மரபுதான். எந்தக் கதையை நம்பினாலும், பக்கத்து வீட்டுக்காரரை அதில் குற்றவாளியாக்க உங்களுக்கு உரிமையில்லை.

• ஆறு வயதுப் பிள்ளைகளிடம் தீயை வர்ணிக்க வேண்டாம். தூக்கம் போகும், வேறு பயன் இல்லை.

• கதை முடிந்த கையோடு காணிக்கைக் கவரை நீட்டாதீர்கள்.

• கேட்கிறவர்களில் யாரையும் கிளாடிஸோடு ஒப்பிடாதீர்கள். கணவனிடம் அடி வாங்கும் பெண்ணிடம், ஊழியர் ஒருவரால் சீண்டப்பட்ட சிறுமியிடம், 'அந்த அம்மாவே மன்னித்தார், நீ மன்னிக்கக் கூடாதா?' என்று கேட்பது கொடுமை. மன்னிப்பதா வேண்டாமா, எப்போது என்பதெல்லாம் அடி வாங்கியவர் முடிவு செய்வது. சபை மூப்பர்கள் கூடித் தீர்மானம் போடுகிற விஷயம் அல்ல அது. சிறுமி விவகாரத்தில் சட்டமும் தெளிவு: போக்சோ குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறையிடம் சொல்லியே ஆக வேண்டும்; மறைப்பது குற்றம்.

• எல்லாக் கதையையும் வெற்றியில் முடிக்கப் பார்க்காதீர்கள். வு யீபாங்கின் அதே ஜின்லிங் கல்லூரியில், நாஞ்சிங் விழுந்தபோது அமெரிக்க மிஷனரி மின்னி வாட்ரின் சுமார் 10,000 பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அடைக்கலம் கொடுத்தார். வாசலில் நின்று படைவீரர்களைத் தடுத்தவர். 1940-இல் மனம் உடைந்து அமெரிக்கா திரும்பினார். 1941 மே மாதத்தில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். விசுவாசம் குறைவு என்று அவரைப் பற்றிச் சொல்ல எவருக்கும் தகுதியில்லை. வாலிபர் கூட்டத்தில் இதையும் சொல்லுங்கள். கேட்டுவிட்டு யாராவது தனியே வந்து பேச நின்றால், உடனே ஜெபத்தில் இறங்காமல் முதலில் அவர் சொல்வதை முழுவதும் கேளுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண்ணையும் கொடுங்கள்: 14416. எந்த நேரமும் தமிழில் பேசலாம்.