மெக்கறி வென்றது எதனால்?

‘பெரிய கம்பெனியின் பெயரைக் கொஞ்சம் மாற்றி வைத்துக்கொண்டால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. மெக்கறி வழக்கில்தான் பார்த்தோமே!’

பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடைகளிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் இன்றும் காதில் விழும் பேச்சு இது. கடை ஜெயித்தது உண்மை. ஜெயித்த காரணம்தான் வேறு.

கோலாலம்பூர் ஜாலான் ஈப்போவில் ஓர் இந்தியத் தம்பதி 1999-இல் திறந்த உணவகம் மெக்கறி. ‘மலேசியன் சிக்கன் கறி’ என்பதன் சுருக்கம்தான் பெயர் என்றார்கள். 2001-இல் மெக்டொனால்ட்ஸ் வழக்குப் போட்டது. 2006-இல் உயர் நீதிமன்றத்தில் கடை தோற்றது. 2009 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. அதே ஆண்டு செப்டம்பரில் கூட்டரசு நீதிமன்றம் மெக்டொனால்ட்ஸின் மனுவைத் தள்ளி, 10,000 ரிங்கிட் செலவுத்தொகை கட்டச் சொன்னது.

தங்கள் சரக்கை அடுத்தவர் சரக்காகக் காட்டி விற்றார்களா என்பதே அங்கே கேள்வி. மெக்கறியின் பலகையில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் கோழி இருந்தது. மெக்டொனால்ட்ஸின் மஞ்சள் வளைவு இல்லை. உள்ளே மீன்தலைக் கறி, பர்கர் இல்லை. மீன்தலைக் கறி சாப்பிட வந்தவர் மெக்டொனால்ட்ஸ் என்று நினைத்தா வந்திருப்பார்? ‘மெக்’ என்ற முன்னொட்டு மெக்டொனால்ட்ஸுக்கு மட்டுமே சொந்தமில்லை என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். மஞ்சள் வளைவின் கீழ் பர்கர் விற்றிருந்தால் கதை வேறாகியிருக்கும். எட்டு ஆண்டுகள் கோர்ட்டுக்கு அலைந்ததை மட்டும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

‘எஸ்.எஸ்.எம்.மில் பதிந்துவிட்டேன், பெயர் எனக்கே.’

நம்மவர்களுக்கு அதிக நட்டம் தருவது இந்த நம்பிக்கைதான். எஸ்.எஸ்.எம். என்னும் நிறுவனங்கள் ஆணையத்தில் பதிவது தொழில் நடத்த மட்டும். வணிகச் சின்னத்தை மைஐபிஓ எனப்படும் அறிவுசார் சொத்துக் கழகத்தில் தனியாகப் பதிய வேண்டும். 2019-ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டப்படி பதிவு பத்தாண்டு செல்லும், புதுப்பித்துக்கொள்ளலாம். பதிவும் வகை வகையாகத்தான். உணவகச் சேவை 43-ஆம் வகுப்பு, மசாலாத் தூள் 30. கடைக்கு மட்டும் பதிந்தவர் நாளை அதே பெயரில் கறித்தூள் பாக்கெட் போட்டால், அந்த வகுப்பில் தனியாகப் பதிய வேண்டும். மூன்றாண்டு தொடர்ந்து பயன்படுத்தாத சின்னத்தை நீக்கக் கோரி மற்றவர் நீதிமன்றம் போகலாம்.

பதியாதவர் நாதியற்றவர் என்பதும் தவறு. பெயருக்கு மக்களிடம் மதிப்பு இருப்பதையும், எதிராளி குழப்பியதையும், அதனால் நட்டம் வந்ததையும் காட்டினால் வழக்குப் போடலாம். பழைய ரசீது, விளம்பரம், புகைப்படம் எல்லாம் வேண்டும். அதைப் பத்திரப்படுத்தும் கடைக்காரர் எத்தனை பேர்?

‘லோகோ வரைந்தவன் நான், உரிமை எனக்குத்தான்.’

வடிவமைப்பாளர்களுக்கு இது கசக்கும். மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, சொல்லி வரைய வைத்த படைப்பின் உரிமை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், வரையச் சொன்னவருக்கே போகும். உரிமையை வைத்துக்கொள்ள நினைப்பவர் வேலையைத் தொடங்கும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

சொந்தமாக எழுதுபவருக்கும் இசையமைப்பவருக்கும் நிலைமை நல்லது: பதிவே தேவையில்லை. படைத்தவர் வாழ்நாளும் அதன்பின் 50 ஆண்டும் உரிமை தொடரும். சமையல் குறிப்பில் மட்டும் கவனம். நீங்கள் எழுதிய எழுத்துக்குத்தான் பாதுகாப்பு. அந்தக் குழம்பை அடுத்தவர் வைப்பதைத் தடுக்க முடியாது. பாட்டு அப்படியல்ல: காசு கொடுத்து வாங்கிய பாட்டாக இருந்தாலும் கடையில் வாடிக்கையாளருக்குப் போட உரிமம் வேண்டும்.

பெயர்ப்பலகைக்கு முன்பணம் கொடுக்கும் முன் மைஐபிஓ இணையத்தளத்தில் அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள். தேடுவதற்குக் கட்டணம் இல்லை.