வற்றிய குளத்தோரம் ஒரு மாலை நடை

மழை பொய்த்த ஆண்டில், வெயில் தாழ்ந்தபின், பிள்ளைகளோடு கோவை உக்கடம் பெரியகுளத்துக் கரையில் சற்று நடந்து பாருங்கள். சேற்றில் மட்டும் இறங்கவேண்டாம். மேலே காய்ந்த வெடிப்பு, அடியில் உளை.

சுமார் 320 ஏக்கர் பரப்புள்ள இக்குளத்தை அதன்மேல் பெய்யும் மழை நிரப்பாது. வெள்ளியங்கிரி மலையில் பெய்வது நொய்யலில் இறங்கி, அணைக்கட்டில் திரும்பி, வாய்க்கால் வழியே வந்தால்தான் உண்டு. ஆகையால் வானத்தை நோவதற்குமுன் நீர் நுழையும் வாயைத் தேடிப் போங்கள். அங்கே முள்ளும் குப்பையும் அடைத்திருந்தால், மலையில் பெய்த மழையும் நமக்கு எட்டாது. மண்டிய வண்டல் வறட்சியில்தான் கண்ணுக்குத் தெரியும். வாரவும் அப்போதுதான் முடியும்.

2013 கோடையில் இக்குளம் வறண்டபோது, ஊரார் ஞாயிற்றுக்கிழமைகளில் திரண்டு வண்டல் வாரினார்கள். ஓய்வு நாளில் மண் சுமக்கலாமா என்று கேட்பாருண்டு. பூசை கண்டபின், பொது நன்மைக்காகச் சுமப்பது குற்றமல்ல.

2016-இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. அப்படியோர் ஆண்டு மறுபடி வருமுன், உங்கள் ஊர்க் குளத்து வாய்க்கால் எங்கே தொடங்குகிறதென்று பெரியவர்களைக் கேட்டு, அதன் வழியே ஒருமுறை நடந்து வாருங்கள்.