எடின்பரோவில் இறங்குமுகமாகச் சுற்றுங்கள்

கேள்வி: என் மகளுக்கு ஜூலையில் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பட்டமளிப்பு விழா. அதைச் சாக்கிட்டு மாமியார், நாத்தனார் குடும்பம் என்று 11 பேர் கிளம்புகிறோம். மாமியாருக்கு 74 வயது, முழங்கால் தேய்மானம். கடைக்குட்டிக்கு 6 வயது. நடுவில் இரண்டு பேர் ஹாரி பாட்டர் பைத்தியம். நான்கு நாள் தங்குகிறோம். தேடிப் பார்த்தால் 'கட்டாயம் பார்க்க வேண்டிய 40 இடங்கள்' என்று பட்டியல் வருகிறது. எதைப் பார்ப்பது, எதை விடுவது?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: முதலில் மகளுக்கு வாழ்த்துகள். அடுத்து, அந்தப் பட்டியலை மூடி வையுங்கள். எடின்பரோவில் தூரம் ஒரு பொருட்டே இல்லை. பழைய நகரத்தின் முக்கியமான இடங்கள் எல்லாம் இரண்டு கிலோமீட்டருக்குள் அடக்கம். பாடாய்ப் படுத்துவது மேடும் பள்ளமும்தான். வரைபடத்தில் ஒன்றை ஒன்று வெட்டுவதுபோலத் தெரியும் இரண்டு தெருக்களில் ஒன்று மற்றொன்றின் தலைக்கு மேலே பாலமாகப் போய்க்கொண்டிருக்கும். நான்கு நிமிட நடை என்று செல்போன் சொல்வது நான்கு நிமிடப் படிக்கட்டாக இருக்கும். ஆகவே உங்களுக்கு ஒரே விதி: காலையில் டாக்சி பிடித்து உச்சிக்குப் போய்விடுங்கள், அப்புறம் நாள் முழுக்க இறங்கிக்கொண்டே வாருங்கள்.

உச்சி என்றால் கோட்டை. அணைந்துபோன எரிமலையின் குழாயில் உறைந்த பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது. நுழைவுச்சீட்டை நேரம் குறித்து முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். 11 பேர் வாசலில் நின்று வாங்கலாம் என்று நினைக்க வேண்டாம். உள்ளேயும் உருளைக்கல் பாவிய ஏற்றம் உண்டு. நடக்கச் சிரமப்படுகிறவர்களை மேலே கொண்டுவிட ஒரு வண்டி ஓட்டுகிறார்கள். முன்னரே கேட்டு உறுதி செய்துகொண்டால் மாமியாருக்கு உதவும். பகல் ஒரு மணிக்கு அங்கே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். துறைமுகக் கப்பல்கள் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ள 1861-இல் தொடங்கிய பீரங்கி இன்றும் வெடிக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. பழைய வழிகாட்டி நூலை நம்பி முடிசூட்டுக் கல்லைத் தேட வேண்டாம். அது 2024-இல் பெர்த் நகர அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது.

கோட்டை வாசலுக்குப் பக்கத்திலேயே கேமரா அப்ஸ்கூரா. கடைக்குட்டிக்காக இதை விடாதீர்கள். கோபுர உச்சியில் ஒரு கண்ணாடியும் லென்ஸும்; இருட்டறையில் ஒரு வெள்ளை மேசை. வெளியே நடக்கிற நகரம் அப்படியே மேசையில் வந்து ஓடும். ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினால் தெருவில் போகிற மனிதர் அதன்மேல் ஏறிக்கொள்வார், அவரை அப்படியே தூக்கிவிடலாம். இந்தக் கட்டடத்தை 1892-இல் வாங்கி நகரங்களைப் பற்றிய காட்சிக்கூடமாக மாற்றியவர் பேட்ரிக் கெடிஸ். நமக்கும் வேண்டப்பட்ட மனிதர்தான். 1914-இல் தன் நகரக் கண்காட்சியோடு சென்னைக்குப் புறப்பட்டார். படங்களும் வரைபடங்களும் தனிக் கப்பலில் வர, அதை மூழ்கடித்தது ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல். அதற்குச் சில வாரங்கள் முன்பு சென்னைத் துறைமுகத்தின்மேல் குண்டு போட்ட அதே எம்டன். மனிதர் அசரவில்லை. புதிதாகப் படங்களைத் திரட்டிக் கண்காட்சியை நடத்திவிட்டு, மதுரை, தஞ்சாவூர்த் தெருக்களில் அலைந்து, இருக்கிற வீடுகளை அதிகம் இடிக்காமலே ஊரைச் சீர்படுத்துவது எப்படி என்று அறிக்கை எழுதினார். அந்தப் பாடத்தை அவர் கற்றது இந்தத் தெருவின் இடிந்த வீடுகளைப் பழுதுபார்த்துத்தான். கோபுரத்துக்குப் படிதான் வழி. மாமியாருக்குக் கீழே ஒரு காபிக்கடை போதும்.

அங்கிருந்து ராயல் மைல் சரிவாக இறங்கி ஹோலிரூட் அரண்மனையில் முடிகிறது. இருபக்கமும் கட்டம்போட்ட கம்பளிச் சால்வைக் கடைகள். அவற்றைப் பார்த்தபடியே நடந்துவிட்டால் இந்தத் தெருவின் சரக்கு கண்ணில் படாது. அது முடுக்குகளில் இருக்கிறது, 'குளோஸ்' என்கிறார்கள். அட்வகேட்ஸ் குளோஸின் வாயில் நின்று பாருங்கள். இரண்டு ஆள் தோளோடு தோள் உரசித்தான் போக முடியும். நூற்றாண்டுகளாகக் கரிப்புகை படிந்து கறுத்த சுவர்கள், நடுவே செங்குத்தாக விழும் படிகள், அந்த இடுக்கின் மறுமுனையில் சட்டம் போட்ட படம் மாதிரி வால்டர் ஸ்காட் நினைவுக் கோபுரம். இறங்க வேண்டியதில்லை, மேலிருந்து பார்த்தாலே போதும். எதிரே செயின்ட் ஜைல்ஸ் பேராலயம். அதற்குள் இருக்கும் திசில் சிற்றாலயத்தில் பேக்பைப் ஊதும் தேவதை ஒன்று செதுக்கப்பட்டிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டால் பெரியவர்கள் கொஞ்சம் உட்காரலாம். அரண்மனைக்குப் போய்ச் சேரும்போது தெம்பு இருந்தால் உள்ளே போங்கள், இல்லாவிட்டால் வெளியிலிருந்து பார்த்தாலும் குறையில்லை.

விழா நாள்தான் உங்களுக்குச் சிக்கலான நாள். மெக்யூவன் அரங்கில் விருந்தினர் எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பார்கள். அப்பா, அம்மா உள்ளே போனால் மற்றவர்கள் என்ன செய்வது? ஐந்து நிமிட நடையில் ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகம், கட்டணம் கிடையாது, லிஃப்ட் உண்டு, மழைக்கும் ஒதுங்கலாம். 1996-இல் பிறந்த குளோனிங் ஆடு டாலி பாடம் செய்யப்பட்டு அங்கேதான் நிற்கிறது. லூயிஸ் தீவில் கிடைத்த சதுரங்கக் காய்களில் 11 இங்கே இருக்கின்றன. பெரும்பாலும் வால்ரஸ் தந்தத்தில் செதுக்கியவை. ராணி கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் கோலத்தைப் பார்த்தால் ஆட்டம் ஏற்கெனவே தோற்றுவிட்டது போலிருக்கும். அரங்குக்குள் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: மகளின் தலையைத் தொட்டுப் பட்டம் தருகிற தொப்பி, மதச் சீர்திருத்தவாதி ஜான் நாக்ஸின் கால்சட்டைத் துணியில் தைத்தது என்று ஒரு கதை உலவுகிறது. கதை எப்படியோ, அந்தத் தொப்பிக்குள் விண்வெளிக்குப் போய்வந்த ஒரு சின்னம் தைத்திருப்பது உண்மை. விண்வெளி வீரர் பியர்ஸ் செல்லர்ஸ் இந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவர், அவர்தான் கொண்டுபோனார்.

ஹாரி பாட்டர் பிள்ளைகளை அன்றே அருங்காட்சியகத்துக்கு எதிரிலுள்ள கிரேஃபிரையர்ஸ் கல்லறைத் தோட்டத்துக்கு அனுப்புங்கள். கதையின் வில்லன் பெயரை ஒத்த தாமஸ் ரிடெல் பெயர் பொறித்த கல்லைத் தேடிக்கொண்டே ஒரு மணி நேரம் போக்கிவிடுவார்கள். இதற்கென்று காசு வாங்கும் சுற்றுலா எதுவும் வேண்டாம் என்பேன். வாசலருகே பாபி என்ற நாயின் சிலை. எஜமானின் கல்லறையை 14 ஆண்டு காவல் காத்ததாகச் சொல்லப்படும் நாய். மூக்கைத் தடவினால் அதிர்ஷ்டம் என்று எவரோ கிளப்பிவிட்டதில் மூக்கின் கறுப்பே தேய்ந்துவிட்டது. நீங்களாவது தடவாதீர்கள்.

மூன்றாம் நாள் முழங்காலுக்கு விடுமுறை. டிராமில் லீத் துறைமுகத்துக்குப் போய் பிரிட்டானியா கப்பலைப் பாருங்கள். அரச குடும்பம் 1997 வரை பயணித்த கப்பல். எல்லாத் தளத்துக்கும் லிஃப்டில் போகலாம். மாலையில் இளசுகள் 251 மீட்டர் உயர ஆர்தர்ஸ் சீட் குன்றில் ஏறட்டும். ஜூலையில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும். ஏற முடியாதவர்களுக்கு கால்டன் குன்று. அங்கே 1826-இல் ஏதென்ஸின் பார்த்தினான் மாதிரி ஒன்று கட்டத் தொடங்கி, 12 தூண் எழும்பியதும் பணம் தீர்ந்து நிறுத்திவிட்டார்கள். முழுதாகக் கட்டியிருந்தால் இவ்வளவு பேர் பார்க்க வந்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

குடை வேண்டாம், காற்று பிய்த்துவிடும். தொப்பி வைத்த மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பேருந்தில் ஓட்டுநர் சில்லறை தரமாட்டார், கார்டைத் தட்டிவிட்டு ஏறுங்கள். 2026 ஜூலை 24 முதல் தங்கும் கட்டணத்தின்மேல் 5 சதவீதம் பார்வையாளர் வரி உண்டு, கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். விழா முடிந்தும் ஆகஸ்டுக்குத் தங்கலாம் என்று யாராவது கிளப்பினால் மறுத்துவிடுங்கள். ஃப்ரிஞ்ச் கலைவிழா தொடங்கிவிட்டால் 11 பேருக்கு ஒரே இடத்தில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு.

கேள்வி: ஹாகிஸ் சைவத்தில் கிடைக்குமாமே?
- வாசகர், மதுரை

பதில்: கிடைக்கும், பல உணவகங்களில். அசலில் ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரல்; சைவத்தில் ஓட்ஸ், பயறு, காய்கறி. மிளகு தூக்கலாக இருப்பதால் நம் நாக்குக்கு ஒத்துவரும். கேட்கும்போது 'வெஜிடேரியன்' என்பதை அழுத்திச் சொல்லுங்கள்.

கேள்வி: எடின்பரோவிலிருந்து ஒரே நாளில் லாக் நெஸ் ஏரி போய் வரலாமா? கூட வயதானவர்கள் வருகிறார்கள்.
- வாசகர், சேலம்

பதில்: போகலாம், சுமார் 12 மணி நேரம் ஆகும், அதில் பெரும்பகுதி பேருந்து இருக்கையில். வயதானவர்களை வைத்துக்கொண்டு நான் போகமாட்டேன். அதற்குப் பதில் நகரத்தை ஒட்டிய சவுத் குவீன்ஸ்ஃபெர்ரிக்குப் போங்கள். ஆற்றுமுகத்தின் குறுக்கே மூன்று பாலங்கள், மூன்று நூற்றாண்டுகளுக்கு ஒவ்வொன்று: 1890, 1964, 2017. முதலாவதுதான் சிவப்பு ரயில் பாலம், 53,000 டன் எஃகு, 2015-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. ரயிலில் போனால் டால்மெனி நிலையத்திலிருந்து ஆற்றங்கரைக்கு நிறையப் படி இறங்க வேண்டும், திரும்பும்போது அத்தனையும் ஏற்றம். பேருந்திலேயே போய்வாருங்கள்.