பல வயதுப் பிள்ளைகளுக்கு ஒரே யோகாசன வகுப்பு

யோகம் துறவிகளுக்கு மட்டுமே உரியது என்று எண்ணுவோர் இன்றும் உளர். திருமூல நாயனார் அருளிய திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் இயமம் முதல் சமாதி ஈறாக எட்டு அங்கங்களை விரித்துரைக்கின்றது. அவற்றுள் ஆசனம் மூன்றாவது. அதற்கு முன்னுள்ள இயம நியமங்கள் பொய்யாமை, கொல்லாமை, தூய்மை போன்ற ஒழுக்கங்களாகும். இவை எந்த வயதினருக்கும் பொருந்தும். மலையகத்துக்கும் இது புதிதன்று. சிவானந்தரின் சீடரான சுவாமி சச்சிதானந்தர் 1953 இல் இலங்கைக்கு வந்து, கண்டியிலும் ஆச்சிரமம் அமைத்து யோகம் கற்பித்தார்.

கினிகத்தேனை போன்ற தோட்டப்புறங்களில் அறநெறி வகுப்போடு யோகாசனமும் நடத்த முற்படும் ஆசிரியைக்கு முதலில் எதிர்ப்படும் சிக்கல் வயதுதான். பதினான்கு வயது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து வயதுத் தம்பியும் வருவான். "சின்னவர்கள் வெளியே இருங்கள்" என்று சொன்னால் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டிய அக்காவும் அடுத்த வாரம் வரமாட்டாள். இப்படித்தான் நல்ல வகுப்புகள் கலைந்து போகின்றன.

மைசூர் அரண்மனையில் 1933 முதல் சிறுவர்களுக்கு யோகம் பயிற்றிய திருமலை கிருஷ்ணமாச்சாரியார், வளரும் பருவத்தினருக்கு ஒரு முறை, இல்லறத்தாருக்கு ஒரு முறை, முதியோருக்கு ஒரு முறை என வகுத்துக் கற்பித்தவர். பயிலுபவரின் வயதும் வலுவும் அறிந்தே பயிற்சி தர வேண்டும் என்பது அவரது கொள்கை. ஒரே மண்டபத்தில் பல வயதினர் இருக்கும்போது இக்கொள்கையை எவ்வாறு கைக்கொள்வது?

ஆசனம் ஒன்றாகவும், செய்யும் அளவு வேறாகவும் இருக்கட்டும். விருட்சாசனத்தை எடுத்துக்கொள்வோம். பகீரதன் ஒற்றைக்காலில் நின்று தவமிருந்து கங்கையைக் கொணர்ந்த கதையை முதலில் சொன்னால் எல்லோரும் அமைதியாவார்கள். ஐந்து, ஆறு வயதினர் சுவரையோ அக்காவின் தோளையோ பிடித்துக்கொண்டு மூன்று மூச்சு நின்றால் போதும். ஒன்பது, பத்து வயதினர் பாதத்தைக் கெண்டைக்காலில் பதித்து, கைகூப்பி நிற்கலாம். பெரியவர்கள் பாதத்தைத் தொடையில் பதித்துக் கைகளை உயர்த்தலாம். முழங்கால் மூட்டின் பக்கவாட்டில் மட்டும் எவரும் பாதத்தை அழுத்தக்கூடாது. சிறியவர்களுக்குப் பூனை, நாகம், வண்ணாத்திப்பூச்சி என்று பெயர் சொன்னாலே உடல் தானாக வளையும். அவர்களை நெடுநேரம் ஒரே நிலையில் நிறுத்தி வைப்பது பயனற்றது. தலைகீழாய் நிற்கும் சிரசாசனமும் மூச்சை அடக்கும் பயிற்சியும் இத்தகைய கலப்பு வகுப்புக்கு ஏற்றவையல்ல. ஒருவன் செய்வதைப் பார்த்து மற்றவன் வீட்டில் செய்து கழுத்தை நோகச் செய்து கொள்வான்.

மூத்த பிள்ளைகளை வெறும் துணைக்கு நிற்பவர்களாக வைத்துவிடலாகாது. பிகார் மாநிலம் முங்கேரில் 1995 இல் தொடங்கப்பட்ட பால யோக மித்ர மண்டலத்தில் பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றனர். இங்கும் ஒரு பெரியவருக்கு இரு சிறியவர் என்று ஒப்படைத்தால் ஆசிரியையின் பாரம் குறையும். ஆனால் முதல் இருபது நிமிடம் மட்டுமே இவ்வாறு. பின்னர் சிறியவர்களை ஓரமாக அமர்த்திக் கோலம் வரையக் கொடுத்துவிட்டு, மூத்தோருக்குச் சூரிய நமஸ்காரத்தைத் தனியே கற்பிக்க வேண்டும். எப்போதும் தம்பி தங்கைகளைப் பார்ப்பதே வேலையென்றால் அவர்களுக்கும் சலித்துவிடும்.

பருவமடைந்த பெண்பிள்ளைகள் பாவாடையுடன் குனிந்து நிமிரக் கூச்சப்படுவர். நீளக் காற்சட்டை அணிந்துவர முன்கூட்டியே தாய்மாரிடம் சொல்லிவைப்பது நல்லது. உடல் சரியில்லாத நாளில் யாரும் சும்மா உட்கார்ந்திருக்கலாம், காரணம் கேட்கப்படாது என்பதையும் முதல் நாளே அறிவித்துவிட வேண்டும்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை விடாது பெய்யும் ஊர் இது. சீமெந்துத் தரை சில்லிட்டிருக்கும். சாக்கை விரித்து அதன்மேல் பாய் போடலாம். முடிவில் எல்லோரும் சாந்தியாசனத்தில் படுத்திருக்கையில் சின்னஞ்சிறுசுகள் உறங்கிவிடுவதுண்டு. எழுப்ப வேண்டாம். பெரியவர்கள் மற்றப் பாய்களைச் சுருட்டி அடுக்கி முடியும்வரை அவர்கள் உறங்கட்டும்.